ரீஸ்டார்ட் செய்யாத அப்டேட்

ஜூலை 8, செவ்வாய்

நேற்று கடை முதலாளி ஸ்ரீபாலன் அண்ணனிடம் சர்வர் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அது தவறு. அப்டேட் போட்டது உண்மை. சரியாகவில்லை.

எங்கள் டிசைன் சென்டருக்கு நெசவு மாஸ்டர்கள் புடவை டிசைன்களைச் சுருக்கி, பொட்டலமாக இணையத்தில் அனுப்புவார்கள். கடை மூடும்போது ஒரு பட்டனை அழுத்தினால் பைதான் மொழியில் எழுதிய புரோகிராம் அன்று வந்த பொட்டலங்களைப் பிரித்து அந்தந்த மாஸ்டர் பெயரில் போடும். பைதானில் பொட்டலம் பிரிக்கும் பகுதியில் ஓட்டை இருக்கிறது என்று போன வாரம் நான் படிக்கும் கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்த பொட்டலம் பிரியும்போது தன் இடத்தைத் தாண்டிப் போய் வேறு கோப்புகளின் மேல் எழுதிவிடுமாம். ஆவணி முகூர்த்தத்துக்குத் தறி ஏற வேண்டிய டிசைன்கள் அத்தனையும் எங்கள் சர்வரில்தான் இருக்கின்றன.

அந்த ஓட்டையை அடைக்க நேற்று போட்ட அப்டேட் முடிந்ததும், எதை ரீஸ்டார்ட் செய்யட்டும் என்று திரை கேட்டது. அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இணைப்பு அறுந்துபோகுமே என்று பயந்து எங்கள் புரோகிராமின் டிக்கை எடுத்துவிட்டேன். பிறகு மறந்தும் போனேன்.

இன்று மதியம் வகுப்புப் பாடத்துக்காகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டிஸ்கில் புது பைதான் இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யாததால் ஓடுவது பழையது. என் கண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை, அதனால் மறுபடியும் பார்த்தேன். இன்று வந்த பொட்டலங்களில் ஒன்று யாரென்றே தெரியாத பெயரிலும் இருந்தது.

"அண்ணே, சர்வரை ஒரு நிமிஷம் நிறுத்தணும்."

"நேத்தே சரியாயிடுச்சுன்னியேம்மா?"

"புதுசு போட்டேண்ணே. ஆனா ஓடறது பழசுதான்."

"புதுப் புடவைய பீரோவுல வச்சிட்டு பழசையே கட்டிக்கினு இருக்குதா உன் சர்வரு?" அவரே சிரித்துக்கொண்டார். "தாமல் ஊரு மாஸ்டர் இளவரசன் காலைலேர்ந்து ஒரு முந்தானை டிசைன அனுப்பிக்கினு இருக்கான். அறுந்துச்சுன்னா என்னைத்தான் கேப்பான். மூடறதுக்கு முன்ன கூப்பிடறேன், அப்ப நிறுத்து."

சரி என்றேன். அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லவில்லை. ஒன்றுமில்லாமல் போனால் கேலி செய்வாரே என்று இருந்துவிட்டேன்.

அண்ணன் வீட்டார் நயினார்கள், தமிழ்ச் சமணர்கள்; இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள். தினமும் வெளிச்சம் இருக்கும்போதே கடை மூடிவிடும். அந்த நேரத்தை வைத்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் இன்று நாலரைக்கே மேகம் கட்டிவிட்டது. மாடி வீட்டிலிருந்து அண்ணன் மனைவி குணமாலா அக்காவின் குரல் கேட்டது.

"இருட்டிக்கினு வருதுங்க. வரீங்களா, ராத்திரிக்குப் பட்டினி கிடக்கறீங்களா?"

நான் பின்னறையில் பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அண்ணன் நாற்காலியில் இல்லை; என்னைக் கூப்பிடாமலே பட்டனை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். திரையில் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பச்சையாகிக்கொண்டிருந்தன. நான்கு முடிந்திருந்தன. அந்தப் பெயர் ஆறாவது.

நிறுத்தும் கட்டளையை அடித்தேன். ஓர் எழுத்து தவறியது. ஐந்தாவதும் பச்சையானது. மறுபடி அடித்தேன். நின்றது. ஆறாவது வெள்ளையாகவே இருந்தது. இளவரசனின் முந்தானை பாதியில் அறுந்திருந்தது.

அந்தப் பொட்டலத்தைத் திறக்காமல் தனியே ஒதுக்கினேன். அதற்குப் பிறகுதான் ரீஸ்டார்ட் செய்தேன். இந்த முறை ஓடுவது புதியதுதானா என்று பார்த்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்த அண்ணன் காதில் போனை வைத்திருந்தார். "யாரும்மா நிறுத்துனது? இளவரசன் கத்தறான்."

"நான்தாண்ணே." நேற்று நான் டிக்கை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரைக்கு அருகே குனிந்து அந்தப் பெயரைப் படித்தார்.

"இது நம்மாளு யாரும் இல்லியே. மதியமே சொல்றதுக்கு என்ன?"

அவர் பச்சையானவற்றை விரலால் எண்ணினார்.

"சரி, பிரிஞ்ச அஞ்சு? அதுல ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஐந்தும் தெரிந்தவர்களின் பெயரில் வந்தவைதான். ஆனால் அவர்கள் பெயரில் அனுப்பியது அவர்களேதானா?

"தெரியலண்ணே. பாத்துட்டுதான் சொல்லணும்."

"அப்ப நீ சொல்ற வரைக்கும் ஒரு டிசைனும் தறிக்குப் போவாது." போனை என்னிடம் நீட்டினார். "இவன்கிட்ட நீயே பேசு."

பேசினேன். நிறையத் திட்டினார். மறுபடி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாளை: கடை திறப்பதற்கு முன்பே போய், நேற்றைய பேக்கப்போடு சர்வரின் எல்லாக் கோப்புகளையும் ஒப்பிட வேண்டும். ஐந்து மாஸ்டர்களையும் போனில் கூப்பிட்டு, நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்க வேண்டும்.