4817-ஆம் எண் தோட்டாக்கூடு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு சுத்தியல். சுத்தியல் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதை இருக்காது.

ஒஹாயோவில் எங்கள் மாவட்டத் திடலில் ஆண்டுக்கு நாலு தடவை பழைய துப்பாக்கிக் கண்காட்சி நடக்கும். முந்நூறு மேசை போட்டு, முடிந்ததும் முந்நூறையும் மடக்கி அடுக்குவது என் வேலை. இடுப்பு விடுகிற அளவுக்குத்தான் எழுதுகிறேன். வாக்கியம் எங்காவது உட்கார்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

[பனி மெல்லப் பொழிந்துகொண்டிருந்த அந்தக் காலையில் எல்வுட் தன்] வேண்டாம், அடித்துவிட்டேன். அன்றைக்குப் பனி இல்லை, சேறு.

[எல்வுட் தனிமையான மனிதர்.] பொய். அவருக்கு இரண்டு மனைவிகள், ஒருவர் போனபின் ஒருவராக. இரண்டு பேரும் சொல்லிவிட்டுப் போன காரணம் ஒன்றுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

எல்வுட்டிடம் 1917-இல் செய்த ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. எண் 4817. பிடிக்குள் செருகும் தோட்டாக்கூடு இரண்டு அதோடு வந்திருக்க வேண்டும். தகரக்கூடு, அடியில் வட்டமான மரக்கட்டை. இரண்டு கட்டையிலும் துப்பாக்கியின் எண்ணையே அடித்திருப்பார்கள். இரண்டாவதில் மட்டும் கூடவே ஒரு கூட்டல் குறி. எல்வுட்டிடம் இருப்பது குறி போட்டது. குறி இல்லாத மற்றதை முப்பத்தொரு வருடமாகத் தேடுகிறார்.*

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவருடைய சிநேகிதர் ஹார்லன் தன் கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணெய்த் துணி சுற்றிய கூடு ஒன்றை வைத்தார். அடிக்கட்டை மட்டும் வெளியே தெரிந்தது. 4817. குறி இல்லை.

"குடுத்துரு ஹார்லன்."

"இது குடுக்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு."

"கையில வாங்கிப் பாத்துட்டுத் தர்றேன்."

"கண்ணாலயே பாரு. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குது, தள்ளி நில்லுடா."

வருடத்துக்கு நாலு தடவை இதே பேச்சு. போன இலையுதிர் காலத்தில் ஹார்லன் இறந்தார். எல்வுட்டுக்கும் கண் மங்கிக்கொண்டே வருகிறது. கோடைக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இந்த மார்ச் கண்காட்சியில் கிடைத்தால்தான் உண்டு.

* வேறு எண் போட்ட கூட்டைச் செருகினாலும் துப்பாக்கி சுடும். இதைச் சேகரிப்பவர்களிடம் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், ஒரு வருடம் ஒருத்தரும் எனக்குக் காபி வாங்கித் தரவில்லை.

3

ஹார்லனின் மனைவி வெல்டாதான் எனக்குக் கைக்குள் அடங்க மாட்டேன் என்கிறாள். நான் எழுதும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மார்ச் கண்காட்சியில் ஹார்லனின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவள் துடைக்கவே இல்லை. கொத்துக்கறி பன் தின்றுகொண்டிருந்தாள், விரலெல்லாம் குழம்பு.

"வா எல்வுட். நீ இன்னும் சாகலையா?"

"உன் புருஷன் மாதிரி எனக்கு அவசரம் இல்ல."

"கையை நீட்டு. காசெல்லாம் வேணாம். 'இத எல்வுட்டுக்குக் குடு, அவன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாத்துட்டு கல்லறைக்கு வந்து என்கிட்ட சொல்லு'ன்னுட்டுத்தான் போனாரு. உசுரா வச்சிருந்தாருய்யா இத."

எல்வுட் துணியைப் பிரித்தார். கட்டைவிரல் எண்ணைத் தடவியது. நாலு, எட்டு, ஒன்று, ஏழு. முப்பத்தொரு வருடம். பிறகு விரல் கூட்டின் முதுகில் ஏறியது. அந்தக் காலத்துக் கூட்டில் தகட்டை மடித்துச் சேர்த்த விளிம்பு அங்கே விரலில் தட்டும்.

தட்டவில்லை. வழவழவென்று ஒரே குழாயாக இழுத்த கூடு. இருபது வருடத்துக்கு மேல் பிந்தி, அடுத்த போருக்குச் செய்தது. பழைய மரக்கட்டை ஒன்றை அதில் மாட்டி யாரோ எண் அடித்திருக்கிறார்கள்.

பதினொரு வருடம் ஹார்லன் தன்னை ஏன் தொடவிடவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஜோடி சேந்துருச்சா?" என்றாள் வெல்டா.

4

இப்போது சுத்தியல், மேசைக்கால் தட்டுகிற என் கனமான சுத்தியல். பதினொரு வருடத்துக்கு முன்னால், திடலுக்குப் பின்பக்கம், தன் வண்டியின் பின்பலகையில் கூட்டை நிறுத்திக்கொண்டு, எண் அடிக்க ஹார்லன் அதை என்னிடம்தான் கேட்டு வாங்கினார். அப்போது எனக்குக் கதை எழுதத் தெரியாது, எல்வுட் தேடுகிற எண் தெரியும். "மத்தியானம் அவன் கையில குடுப்பேன். ஒரு தடவு தடவினா கண்டுபிடிச்சுருவான். அப்புறம் பாரு வேடிக்கைய" என்றார்.

மத்தியானம் எல்வுட் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த ஹார்லனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த கண்காட்சியிலும் வரவில்லை. [இது கருணையா, கொடுமையா என்று நான்] விடுங்கள், எனக்குத் தெரியாது.

5

முடிவு மூன்று எழுதிப் பார்த்தேன்.

எல்வுட் "ஜோடிதான்" என்கிறார். வெல்டா கல்லறைக்குப் போய் அப்படியே சொல்கிறாள். ஹார்லன் மண்ணுக்குள் புரண்டு புரண்டு சிரிக்கிறார். எல்வுட் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை இழக்கிறார். அடித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறார். உடனே வெல்டாவின் முகம் [ ] இந்த இடத்துக்குச் சொல் கிடைக்கவில்லை.

நிஜக்கூடு பக்கத்து மேசையிலேயே கிடைக்கிறது. எழுதின எனக்கே வெட்கமாகப் போயிற்று.

நடந்தது வேறு. எல்வுட் மறுபடியும் அந்த ஏழு என்ற எண்ணைத் தடவினார். "ஏழு ஆழமா எறங்கியிருக்கு" என்றார் மெதுவாக. "கனமான சுத்தியல்." பிறகு நிமிர்ந்து, மேசையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

"ஓட்டிஸ், இங்க வா. முப்பத்தொரு வருஷமா இந்த மேசையெல்லாம் போடறவன் நீ. உனக்குத் தெரியாம இங்க ஒண்ணும் நடந்திருக்காது. வெல்டா கேக்கறா பாரு. இது ஜோடிதானா? நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

வெல்டா குழம்பு விரலோடு என்னைப் பார்க்கிறாள். எல்வுட் என் குரல் வரும் பக்கமாகக் காதைச் சாய்த்திருக்கிறார்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதினால் இது என் கதையாகப் போய்விடும். அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். மேசை கனக்கிறது.