கள்ளச்சாவி

கடல் கடந்த ஊரான ஹெண்டர்சனில் இன்னும் விடியவில்லை. பட்டறைக்குள் தாரிணி அலுமினியக் கட்டியை மெஷினின் பிடிப்பில் வைத்து இறுக்கினாள். குளிரில் ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொண்டது. கணினியில் வரைந்ததை மெஷின் அப்படியே வெட்டித் தந்துவிடும் என்று கோயம்புத்தூரில் பெருமையடித்துவிட்டு வந்தவள் அவள். ஆனால் கட்டியைப் பொருத்தவும், சூடான உலோகச் சுருள்களை வாரவும், வெட்டுமுனையைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரில் ஊறி வெடிக்கவும் மனுஷக் கைதான் வேண்டியிருந்தது.

பக்கத்து மெஷின் நின்றுகிடந்தது. அதில் வேலை பார்த்த அன்றூ ஆஸ்பத்திரியில் இருக்கிறார். திறந்த கதவுக்குள் சுழன்ற வெட்டுமுனை நேற்று அவருடைய இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

மெஷினின் கதவு திறந்திருந்தால் அது ஓடவே கூடாது. கதவிலுள்ள உலோக நாக்கு பூட்டுக்குள் போனால்தான் ஓடும். சாத்திச் சாத்தித் திறப்பதில் நேரம் போகிறது என்று முதலாளி ராம்பிரசாத் அதே நாக்கைக் கணினியில் வரைந்து கொடுத்தார். வெட்டியது தாரிணியின் மெஷின். அந்தக் கள்ளச்சாவியைப் பூட்டில் செருகிவிட்டால் போதும், கதவு சாத்தியிருப்பதாக மெஷின் நம்பிவிடும். பாவம், அதற்கு என்ன தெரியும்!

ராம்பிரசாத் அவசரமாக வந்தார்.

"தாரிணி, காலையில பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வர்றாங்க. எல்லா மெஷின்லயும் இருக்கிற சாவியைக் கழட்டி எங்கிட்ட குடு. அன்றூ மெஷின்ல மட்டும் இருக்கட்டும். அவரே செஞ்சு மாட்டிக்கிட்டார்னு சொல்லிடு."

"நீங்கதானே சார் வரைஞ்சு குடுத்தீங்க?"

"வெட்டினது நீ. உன் விசா என் கம்பெனி பேர்ல இருக்கு, மறந்துடாத."

தாரிணி ஸ்பானரைக் கீழே வைத்தாள். பக்கத்து ஊர் ரானுயியில் வாடகை வீட்டில் தூங்கும் மகள் நினைவுக்கு வந்தாள். அன்றூவின் கட்டுப் போட்ட கையும் வந்தது. விரலும் போய், வேலையும் போய், பழியும் அவர் தலையிலா?

"கழட்ட மாட்டேன் சார். நான் வெட்டினதை நானே சொல்லிக்கிறேன். வரைஞ்சது யாருன்னும் சொல்வேன்."

"நாளைக்கே ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்."

அன்றூவின் மெஷினுக்கு அடுத்த மெஷினிலிருந்த யாழ்ப்பாணத்து இராசமலர் அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள். அதன் இரைச்சல் அடங்கியது.

"என்ர மெஷினிலயும் சாவி கிடக்குது. அதையும் அன்றூ அண்ணையோ செருகினவர்?"

"அக்கா, உங்களுக்கு இது தேவையில்லாத விஷயம்."

"ஓம், நேற்றும் அப்பிடித்தான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். அதுதான் அவற்ற விரல் போச்சு."

டோங்கா தீவுக்காரர் சியோனேவுக்குத் தமிழ் தெரியாது. ராம்பிரசாத் தாரிணி மெஷினிலிருந்த சாவிக்குக் கை நீட்டியது மட்டும் தெரிந்தது. அவர் தன் மெஷினை நிறுத்தினார். வந்து குறுக்கே நின்று தலையை ஆட்டினார். தாரிணியும் தன் மெஷினின் மின்சாரத்தை அணைத்தாள்.

"மத்தியானம் ஆர்டர் போகணும்!" ராம்பிரசாத்தின் குரல் உடைந்தது. "உங்க எல்லாருக்கும் விசா நான்தானே!"

ஆளுக்கொரு மெஷின் முன்னால் நின்றார்கள். அன்றூவின் மெஷின் முன்னால் யாருமில்லை என்று கண்டு இராசமலர் தன் மெஷினுக்கும் அதற்கும் நடுவில் நகர்ந்து நின்றாள். தாரிணிக்குப் பயம் போகவில்லை. ஆனால் தனியாகப் பயப்படவில்லை.

வெளியே வெளுத்திருந்தது. வாசலில் இன்ஸ்பெக்டரின் கார் வந்து நின்று, கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை.