தவலையில் இருந்த கடல்

தங்கை வீட்டு ஜன்னலில் எட்டு மீன்கள் இருந்தன. மங்கம்மாள் ரேஷன் கடைக்குப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் அவற்றை எண்ணுவாள். ஒன்றாவது குறைந்திருக்காதா என்ற ஆசைதான். எண்ணிக்கை எட்டாகவே இருந்தது.

அக்காவும் தங்கையும் பிறந்தது சந்தவாசலில், வாழ்க்கைப்பட்டது மலைமேல் இருக்கிற காவலூரில், ஒரே தெருவில். அக்கா புருஷன் சிங்காரம் வான் ஆராய்ச்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன். தங்கை காந்தாவின் புருஷன் ரங்கசாமி லாரி டிரைவர். வாரம் ஒரு நடை மெட்ராசுக்குப் புளியும் சாமையும் ஏற்றிப் போவான். 1984-ம் வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள் அவன் லாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை இறக்கினான். அதில் விடத் தங்க மீன்களும் வாங்கி வந்திருந்தான்.

மலையில் அதுவரை யாரும் மீனை உயிரோடு வீட்டுக்குள் வைத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாம் காந்தா வீட்டு ஜன்னலில் வந்து நின்றார்கள். வெளியூரிலிருந்து நட்சத்திரம் பார்க்க வந்த விஞ்ஞானி ஒருவர்கூட எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகு என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதைக் காந்தாவே வந்து அக்காவிடம் சொன்னாள். மூன்று நாள் மங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் புருஷனுக்குத் தட்டு வைத்தபடி கேட்டாள். "ஏங்க, கடல்ல கீற மீன இப்புடி வூட்ல வைக்க முடியாதா?"

முடியும் என்றான் சிங்காரம். பெங்களூரில் ஒரு என்ஜினீயர் வீட்டில் பார்த்திருக்கிறான். வெறும் மீன் மட்டுமல்ல, பவளப்பாறை, பூ மாதிரி விரிகிற கடல் பிராணி, நட்சத்திர மீன் எல்லாம் ஒரே தொட்டியில். ஆனால் அது பணக்காரர் விளையாட்டு என்று சொல்லிக் கையைக் கழுவப் போனான்.

மங்கம்மாள் பெட்டியைத் திறந்து அறுநூறு ரூபாயை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். அம்மா வீட்டில் அவள் பங்குக்கு வந்த இரண்டு புளியமரங்களின் அந்த வருஷத்து வரும்படி. கம்மலுக்கென்று வைத்திருந்தது.

"இதுக்குள்ள முடிங்க. பூ கண்டிப்பா இருக்கணும்."

சிங்காரம் ஒரு வாரம் லீவு போட்டு மெட்ராசுக்கு ரயிலேறினான். மூர் மார்க்கெட்டில் வண்ண மீன் கடை வைத்திருந்த கண்ணாயிரம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். ஊர் எது என்று கேட்டான். மலை என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். முதல் தொட்டி வைப்பவர்கள் எல்லாரும் மீனுக்குச் செலவழித்துவிட்டுச் சாமானில் மிச்சம் பிடிப்பார்கள், அப்புறம் மீனைப் புதைப்பார்கள் என்பது அவன் அனுபவம்.

அவன் கணக்கு இப்படிப் போனது. இரும்புச் சட்டம் போட்ட தொட்டி மலிவு, ஆனால் உப்புத் தண்ணீருக்கு ஒரு வருஷம் தாங்காது. பசை வைத்து ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டிதான் வேண்டும். விளக்கை விலைக்கு வாங்க வேண்டாம், எலக்ட்ரீஷியனுக்குப் பலகையில் இரண்டு ட்யூப் லைட் மாட்டத் தெரியாதா? அடியில் வைக்கிற வடிகட்டியும் அப்படித்தான், பிளாஸ்டிக் குழாயில் ஓட்டை போட்டுச் செய்துகொள்ளலாம். மேலே பரப்ப, நொறுக்கிய கிளிஞ்சல் போதும். மிச்சம் பிடிக்கிற இடம் இவ்வளவுதான். காற்று பம்பும், உப்பின் அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாயும் நல்லதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட ஹீட்டர். மலைக் குளிரில் கடல் மீன் ஒரு ராத்திரி தாங்காது. தானாக அணைந்து தானாக எரிகிற ஹீட்டராகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான்.

தொட்டி அளவில்தான் பேச்சு நின்றது. பெரிய தொட்டியில் தண்ணீர் லேசில் கெடாது, மூன்றடி வாங்குங்கள் என்றான் கண்ணாயிரம். மூன்றடிக்குக் கடல் தண்ணீரை எப்படி மலைக்குக் கொண்டுபோவது என்றான் சிங்காரம்.

"லாரி ஒண்ணும் கிடைக்காதுங்களா?"

"சகலை லாரி கீது. அதுல ஏத்தனா எம் பொஞ்சாதி எனக்குச் சோறு போடமாட்டா."

கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே இரண்டடித் தொட்டியை எடுத்து வைத்தான். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். ஒன்று, ஒரு மாதம் பாறையை மட்டும் போட்டு வெறும் தண்ணீர் ஓட வேண்டும், பிறகுதான் மீன். இரண்டு, வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். மூன்று, உலோகம் எதுவும் தண்ணீரில் படக்கூடாது. மூன்றாவதுக்கு அடியில் கோடு போட்டிருந்தான்.

நாலு பிளாஸ்டிக் கேன் நிறையக் கடல் தண்ணீருடன் சிங்காரம் வாணியம்பாடியில் ரயிலிறங்கி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆலங்காயம் வழியாக மலையேறினான். கேன்கள் ஆலங்காயத்து எண்ணெய்க் கடைக்காரர் மாதையனுடையவை, இரவல். அவற்றைக் கழுவிக் கழுவியே அவன் கைத்தோல் உரிந்திருந்தது.

காகிதத்தை அவன் வாசிக்க மங்கம்மாள் கேட்டாள். உடனே வீட்டை ஒழித்தாள். இரும்பு வாளி கொல்லைக்குப் போனது. தகர முறம் அந்த அறைக்குள் வரக்கூடாது என்றாள். தொட்டி மரப்பெட்டி மேல் ஏறியது. மூன்று கேன் தண்ணீர் தொட்டிக்குச் சரியாக இருந்தது. நாலாவது, வாராவாரம் மாற்றுவதற்கு.

வைத்த இடத்தில்தான் அவளுக்கு முதல் வருத்தம். ஜன்னலோரம் வைக்கலாம் என்றால் சிங்காரம் ஒப்பவில்லை. இரண்டு ட்யூப் லைட் வெளிச்சம் தெருவில் விழுந்தால் டெலஸ்கோப்பில் நட்சத்திரம் மங்கும். காவலூரில் வாசல் பல்புக்கே தொப்பி போட்டிருப்பார்கள். அங்கேயே வேலை செய்பவன் வீட்டில் வெளிச்சம் சிந்தலாமா? தொட்டி உள் அறைக்குப் போனது. காந்தாவின் எட்டு மீன்களுக்கு விளக்கே தேவையில்லை. பகல் வெளிச்சத்திலேயே அவை ஊருக்கெல்லாம் மின்னின.

இரண்டாவது வருத்தம் அந்த ஒரு மாதம். பார்க்க வந்தவர்கள் தண்ணீரையும் கல்லையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். காந்தா மட்டும் பேசினாள். "இன்னாக்கா, மீன் வாங்கக் காசு பத்தலியா? எங்க தொட்டில ரெண்டு புடிச்சித் தரட்டுமா?"

மங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளினாள்.

மாதம் முடிந்ததும் சிங்காரம் மறுபடி மெட்ராஸ் போனான். இந்த முறை கேன்களைத் திருப்பிக் கேட்டு மாதையன் ஆள் அனுப்பிவிட்டார். மூன்றைக் கொடுத்தாகிவிட்டது. நாலாவதில் மாற்றியது போக மிச்சத் தண்ணீர் இருந்தது. மங்கம்மாள் யோசித்தாள். பிறகு பரண்மேலிருந்து செப்புத் தவலையை இறக்கினாள்.

அந்தத் தவலை அவள் கல்யாணச் சீர். காந்தாவின் கல்யாணத்தின்போது செம்பு விலை ஏறிவிட்டதால் அவளுக்கு எவர்சில்வர்தான் வந்தது. பன்னிரண்டு வருஷமாகக் காந்தா அந்தத் தவலையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவாள். மங்கம்மாளுக்கு அது காதுக்கு இனிமையாக இருக்கும். இப்போது புதுப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று ஆக்கி, கேன் தண்ணீரை அதில் ஊற்றி மூடினாள். செம்பில் வைத்த தண்ணீர் கெடாது என்பது சந்தவாசலில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாமிக்கு வைக்கிற தண்ணீரே செம்பில்தானே இருக்கிறது? உலோகம் என்றால் இரும்பு, தகரம். துருப்பிடிக்கிற சாதி. செம்பு அதில் சேராது. கண்ணாயிரத்தின் காகிதம் அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. செம்பை அதோடு சேர்த்து நினைக்கவே இல்லை.

சிங்காரம் கொண்டுவந்த மீன்கள் இரண்டுதான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கூட ஒரு கடல் பூ, ஒரு நீல நட்சத்திர மீன், சங்கைச் சுமந்து நடக்கிற ஒரு நண்டு. பூ பாறையில் ஒட்டி இதழை விரித்ததும், அந்த இரண்டு மீன்களும் அதன் நடுவில் புகுந்து படுத்துக்கொண்டன. மற்ற மீனைக் கொட்டுகிற பூ இவற்றை மட்டும் ஒன்றும் செய்யாதாம்.

தெரு இடம் மாறியது. காந்தாவின் ஜன்னல் காலியாக, மங்கம்மாளின் உள் அறை நிறைந்தது. இருந்தும் அவளுக்குத் திருப்தியில்லை. வர வேண்டிய ஒருத்தி வரவில்லை. ஐந்து நாள் காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவலையிலிருந்து நாலு சொம்புத் தண்ணீர் மொண்டு தொட்டியில் மாற்றினாள்.

சனிக்கிழமை காந்தா வந்தாள். தொட்டி முன்னால் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கண் இமைக்கவில்லை. கடைசியில் "நல்லாத்தான் கீது" என்றாள், யாரோ பிடுங்கி எடுத்த மாதிரி. மங்கம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே காபி போட உள்ளே போனாள். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காபி அவள் போட்டதில்லை.

டம்ளருடன் திரும்பியபோது காந்தா அவசரமாகக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஈரமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கடல் பூ சுருங்கியது. திங்களன்று நட்சத்திர மீனின் ஒரு கை தளர்ந்து தொங்கியது. தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று பயந்து மங்கம்மாள் தவலையிலிருந்து இன்னும் ஆறு சொம்பு ஊற்றினாள். புதனன்று பூ வழுவழுவென்று பாறையிலிருந்து விழுந்தது. நண்டு சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. மீன்கள் இரண்டும் மட்டும் பூ இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

மங்கம்மாள் நேரே காந்தா வீட்டு ஜன்னலுக்குப் போனாள். தெருவில் நாலு பேர் இருந்தார்கள். அதுவும் வசதியாகப் போயிற்று.

"கையில இன்னாடி தடவினு வந்த? சோப்பா, எண்ணெயா? பத்து நாள்கூட உனுக்குப் பொறுக்கலியா?"

காந்தா எட்டு மீன்களுக்குப் பின்னால் நின்று அக்காவையே பார்த்தாள். பிறகு ஜன்னல் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாளும் திறக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

சிங்காரம் நடந்ததை எல்லாம் எழுதிக் கண்ணாயிரத்துக்குக் கடிதம் போட்டிருந்தான். அடுத்த வாரம் கார்டு வந்தது. அவன் கூடத்தில் நின்று உரக்கப் படித்தான். மீன் பிழைத்து, பூவும் நண்டும் நட்சத்திரமும் மட்டும் செத்தால் அது சோப்பு இல்லை. சோப்பென்றால் மீன்தான் முதலில் போயிருக்கும். இது செம்பு. தண்ணீர் எங்கேயாவது செப்புப் பாத்திரத்தில் இருந்ததா? இருந்தால் ஒரு வாரத்துக்குள் தண்ணீர், கிளிஞ்சல், பாறை எல்லாவற்றையும் மாற்றவும். இல்லாவிட்டால் மீன்களும் தங்காது.

படித்து முடித்துவிட்டு அவன் சமையல்கட்டு மூலையைப் பார்த்தான். தவலை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மங்கம்மாளும் பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது.

"எனுக்கு லீவு கிடையாது. ரங்கசாமி நாளைக்கு லாரி எடுக்கறான்" என்றான் சிங்காரம்.

வேறு யாராவது மெட்ராஸ் போகிறார்களா என்று மங்கம்மாள் அன்று முழுக்க விசாரித்தாள். யாரும் போகவில்லை. சாயங்காலம் ஒரு மீன் தொட்டியின் மூலையில் சாய்ந்து மேலே மூச்சுக்கு வந்து வந்து போயிற்று. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தவலையில் மீதியிருந்த தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாள். தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

காந்தா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ரங்கசாமிய நாலு கேன் கடல் தண்ணி கொண்டாரச் சொல்லணும். ரெண்டு மீனுதான் மிச்சம்" என்றாள் மங்கம்மாள்.

"மத்ததுங்க எதால செத்துச்சாம்?"

பொய் சொல்ல ஒரு நொடி அவகாசம் இருந்தது. கரன்ட் போய்விட்டது, ஹீட்டர் கெட்டுவிட்டது, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் இடுப்பில் தவலை இருந்தது.

"இதாலதான். நான்தான் இதுல தண்ணிய வச்சேன். உம்மேல ஒண்ணுமில்ல." பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள். "ஆனா நீ கைய வுட்டது நெசம்தானடி?"

காந்தாவின் முகம் சிவந்தது. "விரல வுட்டு நக்கிப் பாத்தேன். கடல் தண்ணி கரிக்குமாமே, எனுக்கு எப்பிடித் தெரியும்? எங்க ஊட்டுக்காரன் கூட்டினு போய்க் காட்டனானா? வாராவாரம் போறான், மீன் வாங்கத் தெரிஞ்சவனுக்கு என்ன ஏத்தினு போவத் தெரியல."

மங்கம்மாளும் கடலைப் பார்த்ததில்லை. அதை அவள் சொல்லவில்லை. தவலையைக் கீழே வைத்தாள். இனி இதைப் பார்த்தால் தன் வயிறு எரியும், நீயே வைத்துக்கொள் என்றாள்.

பன்னிரண்டு வருஷத்துப் பெருமூச்சு காந்தாவிடமிருந்து வரவில்லை. குனிந்து தவலையைத் தூக்கினாள், கனம் பார்த்தாள், உள்ளே முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"கேனோட நானும் லாரில போறேன்னு சொல்லிடறேன்" என்றாள். "தண்ணிய நானே மொண்டாறேன். அப்பத்தான் நல்ல தண்ணியா வரும்."

வியாழக்கிழமை விடிகாலையில் லாரி புறப்பட்டது. முன்சீட்டில் காந்தா புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள், நாளை கடலைப் பார்க்கப் போகிறவள். அது மறையும்வரை மங்கம்மாள் தெருவில் நின்றாள். திரும்பும்போது வழக்கம்போல் அந்த ஜன்னலைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. எட்டு மீன்கள் இருந்தன. பக்கத்திலேயே தவலை. காந்தா அதை மறுபடி தேய்த்திருக்கிறாள், தெருவைப் பார்த்து வைத்திருக்கிறாள். காலை வெயில் அதில் பட்டுச் சிதறியது.

தன் வீட்டுப் பரணில் இருந்தபோது அது ஒரு நாளும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை என்று மங்கம்மாளுக்குத் தோன்றியது.