கறுத்த பொருக்கு

டேக்சந்தின் தலையை விறகு அடுக்கில் மோதிவிட்டு லேக்ராஜ் மறுபடியும் கேட்டான். "பீடியாலதானே சுட்டே? சொல்லுடா."

பல் உடைந்து டேக்சந்தின் வாயெல்லாம் ரத்தம். "நான் சுடல மச்சான்."

"மச்சான்னு கூப்பிட்டே, நாக்கை அறுத்துடுவேன்."

முற்றத்தில் பாடை தயாராக இருந்தது. தாய்வீட்டார் வந்து பார்த்து, அவர்கள் கொண்டுவந்த துணியைப் போர்த்தாமல், கட்டிக்கொடுத்த பெண்ணின் பிணத்தை அந்த மலை ஊர்களில் தூக்குவதில்லை. டேக்சந்துக்குக் கட்டிக்கொடுத்த தங்கை சும்னாவுக்கான சிவப்புத் துணியோடு லேக்ராஜ் மூன்று மணி நேரம் ஏறி வந்திருந்தான். குளிப்பாட்டப் போன அவன் மனைவி வெளியே வந்து காதில் சொன்னாள்: இடது மார்புக்குக் கீழே கறுப்பாய் ஒரு சூட்டுக் காயம். அதன் பிறகு அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை.

"ரெண்டு கிட்னியும் போச்சுன்னு ஃபோன்ல சொன்னே. முப்பது வயசுக்காரிக்கு எப்படிடா போகும்? இடுப்புல மிதிச்சாத்தான் போகும்."

"பத்து நாள் காய்ச்சல். அப்புறம் மூத்திரமே வரல, மூஞ்சி வீங்கிடுச்சு. போன வருஷம் ஒரு தடவை அறைஞ்சேன், ஒத்துக்கறேன். மிதிக்கல."

அந்த அறை லேக்ராஜுக்குத் தெரியும். அன்றைக்கே வந்து இவன் கையை ஒடித்திருக்க வேண்டும். கதவோரம் கிடந்த புல் அரிவாளை எடுத்தான். சுற்றி நின்ற ஆண்கள் பின்வாங்கினார்கள்.

"தம்பி, அதைக் கீழே போடு."

டேக்சந்தின் அண்ணி கம்லா. நடுப்பகல் வெயிலிலும் கம்பளியைப் போர்த்தி நடுங்கிக்கொண்டு வந்தாள். இத்தனை ஆண்கள் முன்னால் சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டித் திரும்பி நின்றாள். முழங்கால் மடிப்பில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

"அதேதான்" என்றாள் லேக்ராஜின் மனைவி.

"என்னை யாரு சுட்டா, சொல்லு. ரெண்டு பேரும் ஒரே சரிவுலதான் புல்லு அறுத்தோம். ஏதோ பூச்சி. கடிச்சதே தெரியல. கறுப்பா பொருக்கு ஏதாச்சும் இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. ஆம்பிளை டாக்டர். சும்னா துப்பட்டாவை இழுத்துக்கிட்டு இல்லைன்னுட்டா. இருக்குன்னு எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கல."

டேக்சந்த் ரத்தத்தைத் துப்பினான். "அண்ணி, உங்களுக்கு மூத்திரம் போகுதா?"

அவள் தலை குனிந்தாள். "நேத்திலேருந்து கொஞ்சம்தான்."

லேக்ராஜின் கையிலிருந்து அரிவாள் விழுந்தது. பாடைக்கு முதலில் தோள் கொடுக்க வேண்டியவன் செத்தவளின் அண்ணன். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் கம்லாவின் முன்னால் உட்கார்ந்து முதுகைக் காட்டினான்.

"ஏறுக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரோடு ரெண்டு மைல் இருக்கு." டேக்சந்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நான் வர்ற வரைக்கும் அவளைத் தூக்காதே."

இறக்கத்தில் அவளுடைய காய்ச்சல் சட்டையைத் தாண்டி அவன் முதுகைச் சுட்டது. கீழ்ச் சரிவில் நாலைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து, கழுத்தைச் சொறிந்துவிட்டு, மறுபடி குனிந்தாள்.