பக்கத்து வீட்டுக்குப் போன உணவுக்குழாய்

திங்கட்கிழமை காலை என் உணவுக்குழாய் வீட்டை விட்டுப் போயிருந்தது.

நான் அதை உடனே கவனிக்கவில்லை. வழக்கம்போல் சீனிப்பாண்டி டீக்கடைக்குப் போனேன். ஆற்றாத டீயை வாங்கி, ஆவி முகத்தில் அடிக்க, ஒரே மடக்கில் குடித்தேன். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அப்படிக் குடிக்கிற ஆள் நான் ஒருவன்தான். வேடிக்கை பார்க்க அடுத்த தெருவிலிருந்தும் வருவார்கள். குடித்து முடித்ததும் டீ என் சட்டைப் பையில் வந்து நின்றது.

ஒரு சொட்டு சிந்தவில்லை. நல்ல துணி.

"அண்ணாச்சி, பையில டீ நிக்குது" என்றார் சீனிப்பாண்டி.

"தெரியுது."

"சூடு போதுமா?"

"போதும்."

வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். அதுவும் சட்டைப் பைக்கே வந்தது, முழுசாக, சட்னியோடு. என் மனைவி ராஜகனி பையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கே இப்படின்னா வெள்ளிக்கிழமை என்ன செய்வீக?"

வெள்ளிக்கிழமை எங்கள் மகள் முத்தரசிக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம். முதல் வாய் அப்பாவுக்குத்தான் ஊட்டுவேன் என்று பிள்ளை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது சட்டைப் பைக்குப் போனால் அவள் முகம் என்ன ஆகும்? எனக்குத் தொண்டையை அடைத்தது. தொண்டை இருந்தது. அதற்குக் கீழேதான் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் வாய் வழியாகக் கேமராவை விட்டார். திரையில் பக்கத்து வீட்டு அருளப்பன் சாரின் ஹால் தெரிந்தது. காலண்டர், ஃபேன், பிரம்பு நாற்காலி. நாற்காலியில் என் உணவுக்குழாய் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

"அங்க இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"என்ன கோவமாம்?"

"உள்ள புண்ணா இருக்கு. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கீங்க. பாக்கு, புகையிலை உண்டா?"

"சோத்துக்குப் பெறகு கொஞ்சம்."

"காய்கறி, பழம்?"

"ஊறுகாய் உண்டு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "புத்துநோய் இன்னும் ஆகல. இப்படியே விட்டா ஆகலாம். அதுக்குள்ள சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாங்க."

அருளப்பன் சார் வீட்டுத் தாழ்வாரம் அன்று நீளமாக இருந்தது. நடுவில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போகும்வரை நின்றேன்.

"பக்கத்து வீட்டுக்கா?" என்றார் கேட்காரர்.

"ஆமா."

"அப்ப தூரம்தான்."

வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பார்சல் டீ வாங்கிப் போயிருந்தேன். கவரில் கட்டி, நூல் சுற்றி, கொதிக்கக் கொதிக்க. அதைப் பார்த்ததும் உணவுக்குழாய் எழுந்து அருளப்பன் சாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. என் புத்தியை என்ன சொல்வது.

அருளப்பன் சார் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். டீயை டபராவில் ஊற்றி, தலையங்கம் முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் குடிப்பார். அதற்காக அவரைத் தெருவே கேட்கக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அவரிடம் இரண்டு உணவுக்குழாய் இருந்தன.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றார். "அதிரசம் தின்னா எது வழியா போகுதுன்னே தெரியல."

நான் உணவுக்குழாயைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை முத்தரசிக்கு வளைகாப்பு" என்றேன்.

"தெரியும். பத்திரிகை இங்கயும் வந்துச்சு." என் குரலேதான், கொஞ்சம் கரகரப்பு அதிகம்.

"வருவேல்ல?"

"சாரோட வருவேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடப் பிறந்தது, விருந்தாளியாக வருகிறேன் என்கிறது.

"நான் என்ன செய்யணும்?"

"டீ ஆறினப்பறம் குடிக்கணும். கடையில வச்சு. எல்லாரும் பாக்க."

"வீட்டுல வச்சுக் குடிக்கட்டுமா? கதவ சாத்திக்கிட்டு?"

அது பேப்பரைப் புரட்டியது.

வியாழக்கிழமை கடைக்குப் போனேன். அருளப்பன் சாரும் உணவுக்குழாயும் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்கள்.

"சீனிப்பாண்டி, ஆத்திக் குடுங்க."

கடை அமைதியானது. சட்டியில் வடை கூடச் சத்தத்தை நிறுத்திக்கொண்டது. சீனிப்பாண்டி எனக்கு ஆற்றிக் கொடுத்ததே இல்லை. இவ்வளவு வருஷம் ஆற்றாததையும் சேர்த்து அன்றைக்கே ஆற்றிவிட நினைத்தார். கையை உயர்த்தினார். கை கூரையைத் தாண்டியது. பிறகு அவரே தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று அங்கிருந்து ஊற்றினார். டீ நிதானமாகக் கீழே வந்துகொண்டிருந்தது. மதுரை பஸ் அதற்கு அடியில் குனிந்து போனது.

"அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?" என்று பஸ்ஸிலிருந்து யாரோ கேட்டார்கள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் காத்திருந்தேன். கிளாஸ் கைக்கு வந்தபோது விரல் சுடவில்லை. ஒரு வாய் குடித்தேன்.

"இஞ்சி போட்டிருக்கீங்களா?"

"உங்க கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே போடுதேன் அண்ணாச்சி" என்று தொட்டிமேல் இருந்து பதில் வந்தது.

நன்றாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அருளப்பன் சார் மட்டும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை வீடு நிறையக் கூட்டம். வளையல் சத்தம் ரயில்வே கேட் வரை கேட்டது. மச்சான் வழக்கம்போல் ஒரு பாக்குப் பொட்டலத்தை நீட்டினார். பழக்க தோஷம், பிரித்து வாயில் போட்டுவிட்டேன். அது நேராகச் சட்டைப் பையில் வந்து விழுந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் கோபித்துக்கொண்டு போய்விட்டதா? அருளப்பன் சாரைத் தேடினேன். அவர் அதிரசத்தை நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அதற்குள் முத்தரசி வந்துவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். தயிர் சாதத்தில் மாதுளை போட்டு உருட்டி வைத்திருந்தாள்.

"ஆ காட்டுங்கப்பா."

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். பிறகு மெதுவாகப் பையைத் தடவிப் பார்த்தேன். பாக்கு மட்டும் இருந்தது.

"என்னப்பா பையில?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "இன்னொரு வாய் குடு."