கொற்கன் சாகாத நான்கு வாரங்கள்

"கொற்கனைக் கொல்லாம விட்டா நான் அந்தக் கதையவே வாசிக்க மாட்டேன்."

"விட்டுருவான் பாருங்க. ஆரூழன் மன்னிச்சிருவான்."

"தம்பியக் கொன்னவனையா? நல்ல ஆளு நீங்க!"

சுந்தரபாண்டியபுரத்து வீட்டில் பெண் பார்க்க வந்த மாரிச்செல்வத்துக்கும் பொன்செல்விக்கும் தனியாகப் பேசக் கிடைத்தது பத்தே நிமிடம். கொல்லணும் என்று அவளும் மன்னிப்பான் என்று அவனுமாக, அந்தப் பத்து நிமிடமும் இந்தப் பேச்சிலேயே போனது. இருவர் செல்போனிலும் 'கங்குக்கோட்டை' என்ற ஒரே தொடர்கதை இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓர் அத்தியாயம் வரும். மாயக் குதிரைகள், ஏழு கோட்டைகள், தம்பியைக் கொன்ற கொற்கனைத் தேடிக் கோட்டை கோட்டையாக வெட்டிக்கொண்டு போகும் ஆரூழன். வெளியே வந்த மாரிச்செல்வம், "இந்தப் பிள்ளைக்கு ரத்தவெறி இருக்கும்மா. நமக்குச் சரிப்படும்" என்று அம்மாவின் காதில் சொன்னானாம்.

அது மூன்று வருடத்துக்கு முன்பு. இந்த ஆனியில், அருவி சீசன் தொடங்கிய இரண்டாவது வாரம், குற்றாலத்தில் பழைய அருவிக்குப் போகும் பாதையில் பழக்கடை போட்டிருந்த மாரிச்செல்வத்துக்கு வெட்டு விழுந்தது.

வெட்டியது பக்கத்துக் கடைக்காரன் பிச்சைமணி. மாரிச்செல்வம் தார்ப்பாயை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டான் என்பதில் தொடங்கிய சண்டை. பொன்செல்வி மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்த நேரம், பிச்சைமணி இளநீர் சீவும் அருவாளை எடுத்தான். முதல் வெட்டு இடது புருவத்திலிருந்து கண்ணைக் கிழித்து மூக்கைத் தாண்டி வலது இமைவரை போனது. மறைக்கத் தூக்கிய வலது கையில் இரண்டாவது வெட்டு. ரம்புட்டான் குவியலுக்குள் விழுந்த விரலை அவள் முதலில் பழம் என்றே நினைத்தாள். பிறகுதான் நகம் தெரிந்தது. மூன்றாவது வெட்டு தோளில் இறங்கியபோது கொதிக்கும் சாம்பாரை வாளியோடு பிச்சைமணியின் முகத்தில் வீசினாள். அந்த முகத்தை அவள் இரண்டு முழ தூரத்தில் பார்த்தாள். எண்ணெய் வழியக் குளிக்கப் போனவர்கள் சிதறி ஓடினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸிடம் மாரிச்செல்வத்தின் தம்பி சுடலைமாடன் வேறு கதை சொன்னான். "முகத்துல துண்டு கட்டியிருந்தான் சார். யாருன்னு தெரியல."

அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மதினி, நீங்களும் இதையே சொல்லுங்க. அவன் ஜெயிலுக்குப் போனா உக்காந்து தின்னுட்டு வருவான். இது நம்ம கையால முடிக்க வேண்டிய காரியம்" என்றான். புடவையில் புருஷனின் ரத்தம் காயாமல் இருந்தது. அவளுக்கும் அன்று பிச்சைமணியின் தலைதான் வேண்டியிருந்தது. அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் அறுவை செய்து கட்டுப் போட்டு, குத்துக்கல்வலசை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை வந்ததும் கதை கேட்டான்.

"வாசிக்காதட்டி. நீ வாசிச்சா ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருக்கும். கதையாச் சொல்லு."

சொன்னாள். ஆரூழன் ஒரு காவலனின் முகத்தில் வெட்டிய இடம் வந்ததும், மாரிச்செல்வத்தின் கட்டுப்போட்ட கை தானாக முகத்துக்கு முன்னால் எழுந்தது. மூச்சு வாங்கினான். அது அடங்கியதும் தம்பியைக் கூப்பிட்டு, "ஏலே, நானும் அவன மூஞ்சியிலதான் வெட்டணும்" என்றான்.

அடுத்த வாரம் அவள் ஒரு தலையைக் காப்பாற்றினாள். தெற்கு வாசல் காவல்காரன் கதையில் செத்தான். அவள் வாயில் பிழைத்து ஆற்றில் குதித்துப் போனான். அதற்கடுத்த வாரம் வைத்தியன் தப்பினான். போன வாரம் அவள் சொன்னதில் கோட்டைக்குள் யாருமே சாகவில்லை, கொற்கனின் குதிரைகூட.

"எழுதுத ஆளுக்குக் கை வலிக்கி போல" என்றான் மாரிச்செல்வம். "ஆனா பாரு, அடுத்த வாரம் கொற்கன் காலி. அத மாத்த முடியாது."

இது ஐந்தாவது வெள்ளி. திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். காலையிலேயே சுடலைமாடன் சாக்கில் சுற்றிய புது அருவாளோடு வந்தான்.

"ஓடிப்போயிருந்த பிச்சைமணி அவன் ஊரு அச்சன்புதூருக்குத் திரும்பி வந்துட்டான். தெனம் பத்து மணிக்கு டீ குடிக்க வருதான். திங்கக்கிழம கட்டு பிரிச்சதும் போறோம். மொதல் வெட்டு ஒன்னுது. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணனைக் கொல்லைக்கு நடத்திப் போய், இடது கையில் அருவாளைக் கொடுத்து வாழைமரத்தின் முன் நிறுத்தினான். மாரிச்செல்வம் கண்கட்டோடு வீசினான். முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது தண்டில் பாதி இறங்கியது. மூன்றாவதில் மரம் சாய, சாறு முகத்தில் தெறித்தது. அவன் பதறித் துடைத்து விரலை நீட்டினான்.

"பொன்செல்வி, ரத்தமா?"

"தண்ணிங்க. வாழத் தண்ணி."

கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தான். மடியில் அருவாள். "கதையச் சொல்லு. கொற்கன் செத்தானா?"

ஐந்து வாரமாக அவனிடம் ஒன்று கேட்க நினைத்திருந்தாள். அதைக் கேட்க வாய் வராமல், இன்றும் கதையையே எடுத்தாள்.

"ஆரூழன் அறைக்குள்ள போனான். வாள ஓங்கிட்டான். அப்புறம் கொற்கனக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்து, சபையில நிறுத்துதான்."

கதவருகே நின்ற சுடலைமாடன் நிமிர்ந்தான். "எந்தச் சபை மதினி? ஏழு பாகத்துல சபைன்னு ஒண்ணு கிடையாதே. நானும் வாசிக்கேன்லா." போனை எடுத்துச் சத்தமாக வாசித்தான். முதலில் கொற்கனின் இரண்டு கைகள். பிறகு கழுத்து. தலை உருண்டு, கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கொற்கனின் மகளின் காலில் முட்டி நின்றது. அந்தப் பிள்ளை அழவில்லை. அப்பாவின் வாளை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தது.

"எத்தன வாரமாப் பொய் சொல்லுத?" என்றான் மாரிச்செல்வம்.

"நாலு."

"ஆத்துல குதிச்ச காவக்காரன்?"

"செத்துட்டான்."

"வைத்தியன்?"

"அவனும்."

"குதிர?"

"அதையும் வெட்டிட்டான்."

சுடலைமாடன் சிரித்தான். "அண்ணே, எழுதி வச்சுக்கோ. அடுத்த பாகத்துல ஆரூழன இந்தப் பிள்ளதான் வெட்டும். அதுக்குப் பொறவு ஆரூழன் ஆளுவ இவள வெட்டுவானுவ. இன்னும் பத்து பாகம் ஓடும்."

மாரிச்செல்வம் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"எட்டுன்னு போட்டிருக்கு" என்றான் சுடலைமாடன், போனைப் பார்த்து.

மாரிச்செல்வம் கட்டுப்போட்ட முகத்தைப் பொன்செல்வி நின்ற பக்கம் திருப்பினான். "எதுக்குட்டி மாத்துன? நான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கொற்கன வெட்டணும்னு நீதான நின்ன?"

"ஆமா, நின்னேன். வெட்டுனா எப்படி இருக்கும்னு அப்ப நான் பாத்ததில்ல."

"மதினி, உள்ள போங்க" என்றான் சுடலைமாடன்.

அவள் போகவில்லை. மாரிச்செல்வத்தின் மடியிலிருந்த அருவாளின் பிடியில் கைவைத்தாள். அவன் விடவில்லை; ஆனால் இழுக்கவும் இல்லை.

"முகத்துல துண்டு கட்டியிருந்தான்னு நான் போட்ட கையெழுத்து பொய்யிங்க. பிச்சைமணி மூஞ்சிய நான் பாத்தேன். அவன் பேரச் சொல்ல என்ன விடுங்க. என்கூட ஸ்டேஷனுக்கு வாங்க. திங்கக்கிழம வேண்டாம், இப்பவே வாங்க."