பெயர் சூட்டு விழா

செல்வமேரி அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் விமான நிலைய ஜீப் வந்து நின்றது. திரிசூலத்தில் அவர்கள் வீட்டுக்கு அதற்குமுன் ஜீப் வந்ததில்லை.

"சவுரிமுத்து எங்கம்மா? ரிடையர் ஆனாலும் பரவாயில்ல, உடனே வரணும். மினிஸ்டர் பிளேன் இறங்க முடியாம மேலயே சுத்துது. ஒரே பருந்து" என்றபடி உள்ளே வந்த அதிகாரி ஸ்ரீநிவாசன், பெஞ்சில் கிடத்தியிருந்தவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

ஓடுபாதையில் பட்டாசு வெடித்துப் பருந்து விரட்டுவது முப்பது வருடம் சவுரிமுத்துவின் வேலை. ஓய்வு பெற்று மூன்று மாதமாகியும் அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. நிலையத்துக்கு ஒரு தலைவரின் பெயரைத் தேர்ந்தெடுக்கவே மூன்று கமிட்டி வேண்டியிருந்தது. அன்றுதான் அந்தப் பெயர் சூட்டு விழா.

அம்மா தனம் தலைமாட்டிலிருந்து எழவில்லை. "விழாவுல பிரியாணி போட்டாங்களா சார்?"

"மூவாயிரம் பொட்டலம்."

"எலும்ப எங்க கொட்னாங்க?"

அவர் யோசித்தார். "வேலியோரமா."

"மண்ணப் போட்டு மூடச் சொல்லுங்க. இவுரு வந்திருந்தாலும் மொதல்ல அத்தத்தான் செஞ்சிருப்பாரு."

ஸ்ரீநிவாசன் வாக்கிடாக்கியில் சொன்னார். போகாமல் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். அரைமணியில் வானம் வெறிச்சென்றானது.

"உங்களுக்கு ஏதாவது செய்யணுமாம்மா?"

"ரோட்டத் தொறக்கச் சொல்லுங்க சார்" என்றாள் செல்வமேரி. "மினிஸ்டருக்காக மூடிட்டாங்க. அப்பாவ எடுக்க வந்த சர்ச்சு வண்டிய பல்லாவரத்துலயே நிறுத்திட்டாங்க. நாலு மணிக்கு மேல ஃபாதர் இருக்க மாட்டாரு. நாளைக்கு வரிக்கும் அப்பா தாங்கமாட்டாரு."

ரோட்டைத் திறக்கும் அதிகாரம் அவருக்கில்லை. அன்று அந்த ரோட்டில் போக பாஸ் இருந்தது மூன்று வண்டிகளுக்குத்தான். அதில் ஒன்று, தலைவர் படத்தை மேடைக்கு ஏற்றி வந்த, பூத்தோரணம் கட்டிய லாரி. படத்தை இறக்கிவிட்டுச் சும்மா நின்றது.

மூன்றேகாலுக்கு சவுரிமுத்துவை ஏற்றிக்கொண்டு லாரி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியது. பூத்தோரணம் வந்தால் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள் போலும், பேண்டுக்காரர்கள் வாசித்தார்கள். கட்சிக்காரர்கள் யார் எவரென்று பாராமல் "வாழ்க" என்றார்கள். கான்ஸ்டபிள்கள் வரிசையாகச் சல்யூட் அடித்தார்கள்.

தனம் இரண்டு பக்கமும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒருவரையும் விடவில்லை. பல்லாவரம் நெருங்கும்போது கூப்பிய கைகள் தாழத் தொடங்கின. செல்வமேரி நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள்.